குழாயை மூடிய ஊர்

ஹாலந்து என்றால் காற்றாலையும் ட்யூலிப் மலரும்தானே உங்கள் நினைவுக்கு வரும், சகோதரிகளே? எனக்கோ, அந்த நாட்டின் வடகோடியிலுள்ள குரோனிங்கன் மாகாணத்து வீட்டுச் சுவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. விரிசல் விட்ட சுவர்கள்!

1959-ல் ஸ்லொக்டெரன் என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் நிலத்தைத் துளைத்தபோது எரிவாயு கிடைத்தது. மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய நிதி அது. பத்து வருஷத்துக்குள் நாடெங்கும் சமையலறைகளுக்குக் குழாய் வந்துவிட்டது. கரியோடு மல்லாடிய பெண்மணிகள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! இதில் ஒரு வேடிக்கை. அந்த வாயுவில் நூற்றுக்குப் 14 பங்கு நைட்ரஜன். அடுப்புகளும் அதற்கேற்றவை. அயல்நாட்டு வாயு வந்தால், கெட்டிப் பாலில் தண்ணீர் விடுவது போல் நைட்ரஜன் கலந்துதான் அனுப்ப வேண்டும்.

வாயு இருந்தது 3 கிலோமீட்டர் ஆழத்தில், மணற்பாறையின் நுண்ணிய துவாரங்களில். இட்லியைக் கையால் அழுத்திப் பாருங்கள், கண்கள் மூடி அது அமுங்கிப் போகும். வாயுவை எடுக்க எடுக்கப் பாறையும் அப்படித்தான் அமுங்கியது. பாறைப் பிளவுகள் நகர்ந்தன, பூமி நடுங்கிற்று. 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்க கிராமத்தில் வந்த நடுக்கத்தின் அளவு 3.6. 'இவ்வளவுதானா?' என்று கேட்காதீர்கள். அதிக ஆழமில்லாத நடுக்கம். செங்கல் வீடுகள் தாங்குமா?

ஜனங்கள் கூக்குரலிட்டார்கள். அதற்குப் பிறகும் 2013-ல் 5,400 கோடி கன மீட்டர் எடுத்தார்கள்! இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. பிறகு உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து, மூடிவிடுவதென்று சர்க்கார் தீர்மானித்தது.

அந்தச் சமயத்தில்தான் யுத்தம் வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரெயினுக்குள் புகுந்தது. ரூபிளில் பணம் தர ஹாலந்து கம்பெனி மறுக்கவே, மே 31-ந் தேதி அதற்கு வாயுவை நிறுத்தியது. விலை விஷமாய் ஏறிற்று. குளிர்காலமோ நெருங்குகிறது. காலடியிலோ இன்னும் ஏராளமான வாயு! 'குழாயைத் திறவுங்கள்' என்று ஐரோப்பாவில் பலர் சொன்னார்கள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? குளிரில் நடுங்கும் குழந்தையா, இடியும் கூரையா?

சர்க்கார் திறக்கவில்லை. அந்த வருஷத்துக்குக் குறைந்தபட்ச அளவான 280 கோடி கன மீட்டரோடு நிறுத்திக்கொண்டது. ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் மிதக்கும் நிலையம் அமைத்து, கப்பலில் குளிரவைத்த திரவ வாயுவை வரவழைத்தது. வீடுகளுக்கு 2023-ல் 1,200 கன மீட்டர் வரை விலைக்கு வரம்பு கட்டியது. செலவு கொஞ்சமல்ல. ஆயினும் செய்தது சரியென்றே எனக்குப் படுகிறது. நாடு முழுவதும் குளிர் காய ஒரே ஜில்லாவின் வீடுகளை விறகாக்குவது என்ன நியாயம்?

2023 பிப்ரவரியில் பார்லிமெண்ட் விசாரணைக் குழுவும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லிற்று: அந்த ஜனங்களின் நலன் தொடர்ந்து புறக்கணிக்கப்பட்டது என்று. வாயுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் சுமார் 36,300 கோடி யூரோ. அதே ஏப்ரலில், மாகாணத்தைச் சீர்ப்படுத்த 30 வருஷத்தில் 2,200 கோடி தருவதாக அறிவித்தார்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன், பேனா தயங்கிற்று.

2024 ஏப்ரலில் சட்டம் போட்டுக் கிணறுகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். பூமியின் நடுக்கம் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. அமுங்கிய பாறை அடங்க இன்னும் வெகு காலமாகும் என்கிறார்கள் நிபுணர்கள்.