புளோரன்சு நகரில் ஒரு பகல்

உரோமாபுரியில் மேற்படிப்புக்காக யாம் தங்கியிருந்த ஆண்டுகளில் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டது மிகச் சில முறைகளே. அவற்றுள், 2018ஆம் ஆண்டு பாஸ்கா விடுமுறையில் புளோரன்சு மாநகரில் கழித்த ஒரு பகலைப் பற்றி வாசக அன்பர்களுக்கு எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மாணவராவது எளிதன்று. உடன் வந்தவரோ நைஜீரிய நாட்டு இளங்குரு. எம்மினும் பதினைந்து ஆண்டுகள் இளையவர். இருவர் கையிலும் இருந்தது மாணவர் பணமே. ஆதலால் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் விரைவு வண்டியை விடுத்து, ஊர்தோறும் நின்று செல்லும் மலிவு வண்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் அமர்ந்து சென்றோம். மாலையிலேயே திரும்பியாக வேண்டும்.

நிலையத்தினின்று சிறிது தொலைவு நடந்ததும் பேராலயத்தின் குவிமாடம் வீடுகளுக்கு மேலே செந்நிறக் குன்றெனத் தோன்றியது. பொற்கொல்லராகத் தொழில் பயின்ற புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை அதனைக் கட்டி எழுப்பினார். கீழிருந்து தாங்கும் மரச்சாரம் இல்லாமலே, நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை மீன்முள் போலச் சாய்த்து அடுக்கி, ஒவ்வொரு வரியும் தன்னைத் தானே தாங்கி நிற்குமாறு செய்தார். 463 படிகள் ஏறினால் உச்சியை அடையலாம். ஆனால் முன்பதிவு செய்தவர்க்கே அனுமதி என்று காவலர் கைவிரித்துவிட்டார். உஃபிசி ஓவியக் கூடத்தின் முன்போ, நம் ஊர்த் தேர்த் திருவிழாக் கூட்டம்.

“மிக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீதைக் காணாமல் திரும்பினால் என் ஊரார் என்னை மன்னிக்க மாட்டார்கள்” என்று கூறி, இளங்குரு அச்சிலை இருக்கும் கூடத்தின் வரிசையில் போய் நின்றுகொண்டார். எம் முழங்கால்கள் அதற்கு இசையவில்லை. அருகிலிருந்த மங்கள வார்த்தை ஆலயச் சதுக்கத்தில் சற்று உட்காரலாம் என்று நடந்தோம்.

அச்சதுக்கத்தின் ஒரு புறத்தில் ஒன்பது வளைவுகள் கொண்ட நீண்ட தாழ்வாரம். அதுவும் புருனெல்லெஸ்கி வரைந்ததே. தூண்களுக்கு மேலே நீல வட்டங்களில் துணி சுற்றப்பட்ட வெண்ணிறக் குழந்தைகள், ஏந்திக்கொள்ளுங்கள் என்பது போலக் கைகளை விரித்து நிற்கின்றன. அந்திரேயா தெல்லா ரோபியா என்பார் 1487இல் செய்து பதித்தவை. ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் அமைந்த அநாதை இல்லம் அது. பிராத்தோ நகர வணிகர் தாத்தீனி தம் உயிலில் விட்டுச்சென்ற 1000 பொன் நாணயங்கள் அதற்கு வித்தாயின. பட்டு நெசவுச் சங்கத்தார் 1419இல் கட்டத் தொடங்கினர். 1445 பிப்ரவரி 5ஆம் நாள் முதல் குழந்தை வந்து சேர்ந்தது. அன்று புனித ஆகத்தம்மாள் திருநாள். ஆகவே அப்பெண் மகவுக்கு ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டனர்.

தாழ்வாரத்தின் இடக்கோடியில், பிற்காலத்தில் பிள்ளைகளை உள்ளே விடுவதற்கென அமைந்த சாளரம் இருக்கிறது. பச்சிளங்குழந்தை மட்டுமே நுழையும் அளவுக்கு அதில் கம்பியிட்டிருந்தனர். 1875இல்தான் அதனை மூடினார்கள். இன்றும் இத்தாலியில் ‘இன்னொசெந்தி’ என்னும் குடும்பப் பெயரைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் இப்படி வந்தவராக இருக்கக்கூடும்.

உள்ளே அருங்காட்சியகம். கிர்லாந்தாயோ தீட்டிய மூன்று அரசர் ஓவியத்தைப் பார்க்கவே சீட்டு வாங்கினோம். ஆனால் எம்மை நிறுத்தி வைத்தது ஓவியமன்று. 19ஆம் நூற்றாண்டில் தாய்மார் பிள்ளைகளோடு வைத்துவிட்டுப் போன பொருள்களை அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். பாதியாக வெட்டப்பட்ட பதக்கங்கள், உடைந்த நாணயத் துண்டுகள், மணிகள். மறு பாதி தாயிடம் இருக்கும். என்றேனும் வறுமை நீங்கி அவள் திரும்பி வந்தால், இரண்டையும் பொருத்திப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் காண்பதற்காக. குழந்தை என்ன உடுத்தி வந்தது, எதை அணிந்திருந்தது என்பதையெல்லாம் இல்லத்தார் ஏட்டில் எழுதி வைத்தனர். இங்கே கிடக்கும் பாதிகளுக்கு உரியவர்கள் வரவில்லை.

அங்கே நின்றபோது, பதினேழு ஆண்டுகளுக்கு முன் யாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த ஊரில் ஒரு மாலைப்பொழுது நினைவுக்கு வந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி பங்கு வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கன்னியர் இல்லத்தில் ஒப்படைத்த பெண் குழந்தையை ஒரு முறை பார்க்க வேண்டும் என்றாள். “திருப்பிக் கேக்கலை சாமி, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுறேன்” என்றாள். சான்று ஏதேனும் உண்டா என்று கேட்டோம். “கையில வேளாங்கண்ணிக் கயிறு கட்டி விட்டேன் சாமி” என்றாள். கயிறு சான்றாகாது, சட்டமும் இடங்கொடாது என்று விளக்கி அனுப்பிவிட்டோம். சட்டத்தைப் பொறுத்தவரை யாம் கூறியது சரியே. ஆனால் அவள் பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. அடுத்து ஒரு கூட்டம் இருந்தது.

வண்டியில் இளங்குரு தாவீதின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி மகிழ்ந்தார். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். உடைந்த காசுகள் என்றோம். அவர் எம்மை இரக்கத்தோடு பார்த்துவிட்டுத் தம் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார்.

படிப்பு முடிந்து திரும்பிய பின், அந்தக் கன்னியர் இல்லத்துக்குச் சென்றோம். பிள்ளைகள் இப்போது அங்கில்லை. ஏடுகள் எப்போதோ கைமாறிவிட்டன. முதுமையுற்ற சகோதரி ஒருவர் மட்டும் அக்காலத்தை நினைவில் வைத்திருந்தார். குழந்தைகள் கையில் கட்டி வந்த கயிறுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டோம்.

“வந்ததும் குளிப்பாட்டுவோம் சாமி. அழுக்காக இருக்குமே, அறுத்து எறிந்துவிடுவோம்” என்றார்.