அமாவாசைக்கு ஹான்லே

18 செப்டம்பர் 2025, வியாழன். லே

காலையில் விமானம் இறங்கியதிலிருந்து அறையிலேயே படுத்திருக்கிறேன். உயரம் 3,500 மீட்டர். நாலு படி ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. நட்சத்திரம் பார்க்கப் போகும் ஹான்லே இன்னும் 800 மீட்டர் மேலே. இரண்டு நாள் உடம்பைப் பழக்காமல் கிளம்பக் கூடாது என்று விடுதிக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூண்டு சூப்பும் வெந்நீரும்தான் இன்றைய சாப்பாடு.

படுத்தபடியே அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். 1986-இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது, ஆலங்காயத்து மொட்டைமாடிக்கு என்னைத் தூக்கத்திலேயே சுமந்துபோய்க் காட்டினார். அப்போது எங்கள் தெருவுக்கு மொத்தமே இரண்டு குழல்விளக்கு. இன்று அதே மாடியில் நின்றால் கார்த்திகையின் ஆறு மீனில் நாலு தேறுவதே அபூர்வம்.

20 செப்டம்பர், சனி. ஹான்லே

சிந்து நதியை ஒட்டியே வண்டி வந்தது. சுமத்தாங், நியோமா, லோமா தாண்டி 250 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் மொட்டை மலை. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குளிர்ப் பாலைவனம் என்பதன் பொருள் இங்கே வந்துதான் புரிகிறது. இமயத்தின் தென்சரிவிலேயே மழைமேகம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் வந்து சேர்வது வறண்ட, மெலிந்த காற்று மட்டும்தான். நட்சத்திரம் பார்ப்பவர்களுக்கு அதுதான் வரம்.

தங்கியிருப்பது ஒரு கிராமத்து வீட்டில். ஏழு மணி ஆனதும் வீட்டுக்கார அம்மா, எல்லோரும் ஆமா-லே என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு ஜன்னலாகப் போய்க் கம்பளிபோல் கனத்த திரையை இழுத்துவிட்டார். ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கீற்று தெரிந்தது. ஒரு தலையணையை எடுத்து அங்கே அணைகொடுத்துவிட்டு, பிறகுதான் துக்பா பரிமாற உட்கார்ந்தார்.

21 செப்டம்பர், ஞாயிறு. மகாளய அமாவாசை

பகலில் மலைமேல் உள்ள ஆய்வகத்துக்குப் போனோம். 4,500 மீட்டர். குவிமாடத்துக்குள் சந்திரா தொலைநோக்கி. ஆடியின் விட்டம் இரண்டு மீட்டர். சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர். இதை இயக்குபவர்கள் இங்கே இல்லை. பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வழியாகத் திருப்புகிறார்கள். நடத்துவது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். சென்னையில் பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய வானாய்வகம்தான் அதன் வேர். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காவலூர் ஆய்வகமும் அவர்களுடையதே. சின்ன வயதில் ஜவ்வாது மலையில் பார்த்த வெள்ளைக் குவிமாடத்தின் தம்பியை இங்கே பார்த்ததுபோல் இருந்தது.

கீழே சமவெளியில் மேஸ் என்னும் காமாக் கதிர்த் தொலைநோக்கி நிற்கிறது. 21 மீட்டர் அகலம், 356 ஆடிப் பலகைகள். காமாக் கதிர் காற்றுமண்டலத்தில் மோதும்போது நீல ஒளி ஒன்று தெறிக்கிறது. ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான் நிற்கும். அந்தத் தெறிப்பைப் பிடிக்கவே இத்தனை பெரிய கண். ஆமா-லே நேற்றுத் தலையணை வைத்து அடைத்த கீற்று ஏன் முக்கியம் என்று அங்கே நின்றபோது விளங்கியது. 2022-இல் இந்த வட்டாரத்தில் 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெருவிளக்குக்கு மூடி, வண்டிக்கு மங்கிய விளக்கு, ஜன்னலுக்குத் திரை. வேலி எதுவும் கிடையாது. காப்பது இந்த வீடுகள்தான்.

இரவு எட்டு மணி. வருபவர்களுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சி பெற்ற வான்தூதர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஓர் இளம்பெண். எட்டு அங்குலத் தொலைநோக்கியை முற்றத்தில் நிறுத்தி, செல்பேசிகளையெல்லாம் பைக்குள் போடச் சொன்னார். "கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். ஒருதரம் திரை ஒளிர்ந்தால் முதலிலிருந்து காத்திருக்கணும்."

காத்திருந்தோம். தென்மேற்கில் தனுசிலிருந்து பால்வீதி தலைக்கு மேலே ஏறி வடகிழக்கில் இறங்கியது. நடுவில் கரும்பட்டைகள், கிளைகளோடு. முதலில் மேகமோ என்று பயந்தேன். அவை தூசு மண்டலங்கள் என்றார். கிழக்கே ஆண்ட்ரோமெடா வெறும் கண்ணுக்கே ஒரு மெல்லிய புகைத்திட்டு. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டு.

இன்று சனி சூரியனுக்கு நேர் எதிரே. லென்சில் பார்த்தேன். படங்களில் காணும் அகன்ற வளையம் இல்லை; முத்தில் கோத்த ஊசிபோல் ஒரே கோடு. வளையத்தின் விளிம்பு இந்த ஆண்டு பூமியை நோக்கியிருக்கிறது. சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் காட்சி. தொலைநோக்கிக் குழாயில் பனி படியாமலிருக்க அந்தப் பெண் தன் சால்வையை அதன்மேல் போர்த்திவிட்டிருந்தார்.

ஊரில் இன்று தம்பி அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்திருப்பான். நான் இங்கே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன்.

22 செப்டம்பர், திங்கள்

விடியலுக்கு முன் கிழக்கில் சாய்ந்த கூம்பாக வெண்மை. ஏதோ ஊரின் வெளிச்சம் என்று நினைத்தேன். அந்தத் திசையில் ஊரே இல்லையாம். கோள்களுக்கிடையே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளி அது. அதன் நடுவே வெள்ளி. கையுறைக்குள் விரல் மரத்துப்போயும் உள்ளே போக மனமில்லை.

24 செப்டம்பர், புதன். லே

தம்பியிடம் பேசினேன். வாசல் விளக்கு ராத்திரி முழுக்க வானத்தையும் எதிர்வீட்டு மாடியையும் பார்த்து எரிகிறது. அதற்குத் தகரத்தில் ஒரு மூடி அடித்து, வெளிச்சம் படியில் விழும்படி வை என்றேன்.

"இருட்டிப்போகாதாண்ணா?"

"படி இன்னும் நல்லாத்தான் தெரியும்டா. மேலே போறதெல்லாம் வீண்."

நாளைக்கே ஆசாரியைக் கூப்பிடுவதாகச் சொன்னான். தெருவிளக்குகளுக்கு மனு எழுத வேண்டும். அதை நானே ஊருக்குப் போய் எழுதுகிறேன்.