ஓடு இறங்கும் தெரு

ஸ்ரீராம்புரத்தில் பனி பெய்வதில்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் மார்கழிக் குளிர் ஸ்வெட்டரைத் தேட வைக்கும், அதோடு சரி. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் வானம் திடீரென்று கறுத்து, காற்று புழுதியை வாரியடித்து, ஆலங்கட்டி விழத் தொடங்கினால் இந்தப் பேட்டையில் யார் எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஷீட் வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஓட்டு வீட்டில் 'டக், டக்' என்ற சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஓடாக இருக்கலாம். மோல்டிங் வீட்டில் டி.வி. தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மோல்டிங் என்பது பெங்களூர்த் தமிழ். தமிழ்நாட்டில் கான்கிரீட் தளம் போடுவது என்பதை இங்கே மோல்டிங் போடுவது என்கிறார்கள். ஸ்ரீராம்புரத்தில் இது ஒரு கட்டட வார்த்தை மட்டுமல்ல, அந்தஸ்து வார்த்தையும்கூட. பெண் கொடுக்க வருபவர்கள் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

இந்தக் கூரைகளைப் பார்க்கச் சரியான இடம் தெரு அல்ல, மெட்ரோ. 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட உயர்மட்டப் பாதையில் ஸ்ரீராம்புரம் நிலையத்தின் பிளாட்பாரத்தில் நின்றால், கீழே தெருவில் நடக்கும்போது தெரியாத ஒரு ஊர் தெரிகிறது. பாசி படிந்து கறுத்த ஓட்டுச் சரிவுகள். அவற்றின் மேல் காற்றுக்குப் பறக்காமலிருக்க வைத்த கற்கள், பழைய டயர்கள், நீலத் தார்ப்பாய். பக்கத்திலேயே அவற்றை ஏளனமாகப் பார்ப்பதுபோல மூன்று மாடி, நான்கு மாடி. உச்சியில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. அடுத்த மாடிக்காக வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் துருக் கம்பிகள். இந்தக் கம்பிகள் நம்பிக்கையின் அடையாளம். சில பத்து வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கின்றன.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மல்லேஸ்வரம். 1898 பிளேக்குக்குப் பிறகு, நெரிசலிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அகலமான சாலையும் தோட்டமுமாக வளர்ந்த பகுதி. இந்தப் பக்கம் உழைப்பாளிகளின் பேட்டை. ராஜா மில், பின்னி மில், மினர்வா மில் என்று சங்கு ஊதிய காலத்தில் வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஊன்றிய இடங்களில் இது ஒன்று. இன்று சங்கு இல்லை. ராஜா மில் இருந்த இடத்தில் 2010-ல் திறந்த மால் இருக்கிறது. அதன் பெயரையே மெட்ரோ நிலையம் ஒன்றும் சூட்டிக்கொண்டிருக்கிறது. மில்கள் போய்விட்டன. மில் காலத்து ஓடுகள் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

அந்த ஓட்டின் கதை சுவாரசியமானது. மங்களூர் ஓடு, சீமை ஓடு என்று நாம் சொல்வது உண்மையில் பனி நாட்டுச் சரக்கு. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் கொக்கி போட்டு உட்காரும் ஓட்டை, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள ஆல்ட்கிர்ச் என்ற ஊரில் கிலார்டோனி சகோதரர்கள் 1841-ல் காப்புரிமை செய்தார்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரம். அந்த நகரத்தின் பாசெல் மிஷன்தான் 1865-ல் மங்களூரில் நேத்ராவதிக் கரையில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தது. தொடங்கியவர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட். மூன்று வருடத்தில் அல்புகர்க் கம்பெனியும் களத்தில் இறங்கியது. பனி வழுக்கி விழவேண்டும் என்ற சரிவும் ஈரம் உள்ளே வரக்கூடாது என்ற கொக்கியும் மேற்குக் கடற்கரையின் மழைக்கு அச்சாகப் பொருந்திவிட்டன. அப்படியே கட்டம் கட்டமாக மலையேறி மைசூர் சமஸ்தானத்துக்கும் வந்தது.

ஓட்டுக் கூரை ஒருபோதும் முழுதாக 'மாற்றப்படுவது' இல்லை என்பதுதான் அதன் பெரிய சிறப்பு. உடைந்தது பத்து என்றால் பத்தை மாற்றலாம். பங்குனி, சித்திரையில் மழைக்கு முன்னால் ஆள் ஏறிப் பிரித்து, கரையான் தின்ற ரீப்பரை மாற்றி, அதே ஓட்டை மறுபடி அடுக்கிவிட்டு இறங்குவான். இரண்டு நாள் வேலை. செலவு ஓட்டில் இல்லை, மரத்தில். ரீப்பர், வாரை, உத்தரம் எல்லாம் உளுத்துவிட்டால்தான் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிடுவார். இன்றைய மர விலையில் ஓடு சும்மா வந்த மாதிரி. அதனால் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் வந்துவிட்டது. ஓட்டின் மேல் காலை எங்கே வைத்தால் உடையாது என்று தெரிந்த ஆட்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓடு மாற்ற ஏறியவன் இருபது ஓட்டை உடைத்துவிட்டு இறங்கினான் என்ற புகார் இப்போது சகஜம்.

ஆனாலும் ஸ்ரீராம்புரத்தில் ஓட்டைக் கொல்வது மழையோ ஆலங்கட்டியோ அல்ல, பக்கத்து வீடு. அவர் மூன்று மாடி எழுப்பிவிட்டால், அவர் மாடித் தண்ணீர் இவர் சரிவில் கொட்டும். மேலேயிருந்து பூந்தொட்டி, கிரிக்கெட் பந்து, சென்ட்ரிங் பலகையின் ஆணி எல்லாம் இறங்கும். இரண்டு பக்கமும் உயர்ந்துவிட்டால் நடுவில் மாட்டிய ஓட்டு வீடு கிணற்றுக்குள் இருக்கும் கதிதான்: வெளிச்சமும் இல்லை, ஈரமும் காய்வதில்லை. தெருவில் முதல் மோல்டிங் ஆசையால் வருவது. கடைசி மோல்டிங் வேறு வழியில்லாமல் வருவது.

சரி, கூரையை மாற்ற என்ன ஆகும்? இங்கேதான் கணக்கு வேடிக்கையாக இருக்கிறது.

20-க்கு 30 மனை, 600 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். (ஸ்ரீராம்புரத்தில் இதுவே பெரிய மனை. அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு பாதியில் வாழ்வதுதான் வழக்கம்.) சதுர மீட்டருக்கு சுமார் 15 மங்களூர் ஓடு, ஒன்று இரண்டரை கிலோ. மரத்தோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 60 கிலோ என்றாலும் மொத்தக் கூரை மூன்றரை டன். சிமென்ட் ஷீட் போட்டால் ஒரு டன்னே அதிகம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ. மொத்தம் 17 டன்.

தளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஏழு கன மீட்டர் கான்கிரீட், ஐம்பத்தைந்து மூட்டை சிமென்ட், அரை டன்னுக்கு மேல் கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், சென்ட்ரிங், ஆள் கூலி. ஒன்றரை லட்சம் ரூபாயை ஒட்டி முடித்துவிடலாம். கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். அப்போதுதான் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்ப்பார். மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர். மூன்றரை டன் தாங்கியது, 17 டன் தாங்காது. ஆகவே தளத்துக்குத் தூண் வேண்டும், தூணுக்கு அஸ்திவாரம் வேண்டும், அஸ்திவாரம் தோண்ட வீட்டை இடிக்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு ஆரம்பித்த பேச்சு, சதுர அடிக்கு 2,000 ரூபாயை ஒட்டி ஓடும் இன்றைய பெங்களூர் நிலவரத்தில் 12 லட்சத்தில் போய் நிற்கும். கூரைக்குச் செலவு குறைவுதான். அதைச் சுமப்பதற்குத்தான் இவ்வளவு.

இந்தக் கணக்கு பனி நாட்டுக்காரருக்குப் புதிதல்ல. மூன்றடி உயரத்துக்குப் படிந்து இறுகிய பனி, சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிலோ வரை அழுத்தும். ஏறத்தாழ நம் கான்கிரீட் தளத்தின் எடை. அதாவது பனி நாட்டு வீடு குளிர்காலத்தில் மட்டும் சுமப்பதை ஸ்ரீராம்புரம் வீடு வருடம் முழுவதும் சுமக்கிறது. காஷ்மீரின் பழைய வீடுகளில் பூர்ஜ மரப்பட்டையை அடுக்கி அதன் மேல் மண் பரப்பியிருந்தார்கள். வசந்தத்தில் அந்தக் கூரைகளில் ஐரிஸும் துலிப்பும் பூக்கும். பனி விழுந்தால் மரக் கரண்டியோடு ஏறித் தள்ளவேண்டும். பிறகு தகரம் வந்தது. செங்குத்தான சரிவில் பனி தானாக வழுக்கும் என்பதால் பூவை விட்டுவிட்டு ஊரே தகரத்துக்கு மாறியது.

கனடாவில் ஸ்கார்பரோ பக்கம் குடியேறிய ஈழத் தமிழர்களுக்கும் கூரைச் செலவு பழகிப்போனதுதான். அங்கே தார் ஷிங்கிளுக்கு ஆயுள் சுமார் இருபது வருடம். பழையதை உரித்து, ஓரங்களில் பனி உருகி உறைந்து தண்ணீர் பின்னால் ஏறாமலிருக்க ஒட்டுப் படலம் போட்டு, புதியதை அடிப்பார்கள். கோடையும் இலையுதிர்காலமும்தான் வேலைக்குத் தோது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே வீடு கட்டும்போதே பனியின் எடையை எழுதிக் கணக்கிட்டுத்தான் மரச்சட்டம் வைக்கிறார்கள். கூரை மாற்றினால் கூரை மட்டும்தான் மாறும். குடியிருப்பவர் மாறுவதில்லை.

ஸ்ரீராம்புரத்தில் மாறுவது குடியிருப்பவர்தான். பழைய ஓட்டுக் கூரைகளில் பல, வட்டாரா என்று கன்னடத்தில் சொல்லப்படும் வரிசை வீடுகளின் மேல் இருப்பவை. சென்னையில் ஸ்டோர் வீடு என்பார்களே, அந்த ஜாதி. ஒரே சரிவின் கீழ் ஆறு குடும்பம், எட்டுக் குடும்பம். பொதுக் குழாய், பொதுக் கக்கூஸ், முற்றத்தில் ஒரே கொடிக்கயிறு. பூக்கட்டுபவர், ஆட்டோ ஓட்டுபவர், மில் பென்ஷனில் காலம் தள்ளும் கிழவி என்று நகரத்துக்கு நடுவில் குறைந்த வாடகையில் இருக்க முடிந்தவர்கள். ஓட்டை இறக்கும் நாளே அவர்கள் சாமான் இறங்கும் நாள். மறுபடி கட்டி முடித்ததும் கூப்பிடுகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. கூப்பிடும் வாடகைதான் வேறு.

அவரையும் முழுதாகத் திட்ட முடியாது. 12 லட்சம் அவரிடம் ஏது? பட்டா தாத்தா பெயரில், பங்காளிகள் நாலு பேர். வங்கி எட்டிப் பார்க்காது. இங்கேதான் போகியம் உதவிக்கு வருகிறது. இப்போது 'லீஸ்' என்கிறார்கள். மாத வாடகை கிடையாது. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று வருடம் இருக்கலாம். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கட்டாத மாடிக்கு வாங்கிய லீஸ் பணத்தில் கீழ்த்தளத்துக்கு மோல்டிங் விழும், அடுத்த லீஸில் அடுத்த மாடி. ஆக, ஸ்ரீராம்புரத்தின் கான்கிரீட்டில் கணிசமான பங்கு, இன்னும் அந்த வீட்டில் காலே வைக்காத குடித்தனக்காரருடையது. அடுத்த ஆள் பணத்தோடு வரும்வரை முந்தைய ஆளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால் பஞ்சாயத்துகளுக்கும் குறைவில்லை.

நடுவழி ஒன்று உண்டு: ஷீட். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் வண்ணத் தகடு போட்டால் லட்சத்துக்குள் முடியும், சுவருக்கும் பாரமில்லை. வெயிலில் வேகவேண்டும் என்பது தனிச் சங்கதி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் கவலைக்குரியது. அதன் தூசி புற்றுநோய் தரும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமே இல்லை. பல நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் விற்பனைக்குத் தடையில்லை. ஆலங்கட்டியில் உடைந்ததைக் கையாலேயே பிய்த்து, துண்டுகளைத் தெருமுனைக் குப்பையில் போடுவது இங்கே அன்றாடக் காட்சி. முகத்தில் ஒரு துணி கட்டியவரைக்கூடக் காண்பது அரிது.

2023 மே 21 அன்று ஆலங்கட்டியோடு மழை கொட்டி, கே.ஆர். சர்க்கிள் சுரங்கப் பாதையில் ஒரு இளம்பெண் காரோடு மூழ்கி இறந்தார். மல்லேஸ்வரத்தில் நகைக்கடைக்குள் வெள்ளம் புகுந்து செய்தியானது. உடைந்த ஓடுகள் அப்படிச் செய்தியாவதில்லை. வாளி வைத்துச் சமாளித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆள் தேடுவார்கள்.

இறக்கிய ஓடு வீணாவதில்லை. அடியில் கம்பெனிப் பெயர் பதித்த பழைய ஓட்டுக்கு ரிசார்ட்காரர்களிடமும் பண்ணை வீட்டுக்காரர்களிடமும் மவுசு. கேரளத்தில் லாரி பேக்கர் இதே ஓட்டைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து, கம்பியும் சிமென்ட்டும் எடையும் குறைந்த தளம் போட்டுக் காட்டினார். அந்த வித்தை இங்கே யாரையும் கவரவில்லை. ஓட்டைக் கண்ணில் காட்டாமல் இருக்கத்தானே இத்தனை செலவு.

மோல்டிங்கிலும் சில வருடத்தில் ஒழுகல் தொடங்குகிறது. மேல் மாடி வெயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கக்குகிறது. அதனால் இப்போது மொட்டை மாடிக்கு மேல் இன்னொரு கூரை: நான்கு இரும்புக் கால், மேலே தகர ஷீட். கூரை வந்துவிட்டதே என்று நாலு பக்கமும் ஹாலோ பிளாக் அடைத்து அதையும் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். வாடகை கொஞ்சம் குறைவு. ஓட்டு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் முதலில் விசாரிப்பது அந்த வீட்டைத்தான்.