காடு என்று எதைச் சொல்கிறோம்?

"அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார்" என்று தோட்டத்துப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியிருப்பீர்கள். பால்மரங்கள் நிரை பிடித்து நிற்கும் இடம் நமக்குக் காடு. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு அதுவும் காடு. ஆற்றோரக் காடு, மேட்டுக் காடு, புதுக்காடு என்று நாம் வைத்த பெயர்கள்தான் எத்தனை! ஆனால் ஒருவர் நட்டு, ஒருவர் உரம் போட்டு, ஒருவர் கணக்கெழுதும் இடம் தோட்டமே தவிர காடு ஆகாது. தோட்டம் வருமுன் அங்கே இருந்ததே காடு. அது எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையா? வாருங்கள், இந்த முறை தாமான் நெகாராவுக்குப் போய்வருவோம்.

பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் தேசியப் பூங்கா அது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். தீபகற்பத்தின் மிக உயர்ந்த மலையான குனோங் தஹான் (2,187 மீட்டர்) அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் காட்டின் வயது 13 கோடி ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாம் சஞ்சிக் கூலியாகக் கப்பலேறி வந்த கதையெல்லாம் அதன் கணக்கில் நேற்றுக் காலை நடந்தது போலத்தான்.

உலகத்தின் மறு கோடியிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். நான் தங்கியிருந்த மூன்று நாளும் ஜெர்மன் மொழி கேட்டது, டச்சு மொழி கேட்டது; ஒரு தமிழ்க் குரல் கேட்கவில்லை. காசு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1948 முதல் 1960 வரை அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வேலி, ஊரடங்கு, சோதனை. காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர் கையில் சாப்பாடு கொண்டு போகக்கூடத் தடை விதித்த இடங்கள் உண்டு. காட்டோரம் நின்றாலே சந்தேகம். "அந்தப் பக்கம் போகாதே" என்று பாட்டி சொன்னது புலிக்காக மட்டுமல்ல. அவசரகாலம் முடிந்து தலைமுறைகள் கடந்துவிட்டன. பாட்டியின் சொல் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

சரி, புறப்படுவோம். முதலில் பகாங் மாநிலத்து ஜெராண்டுட் பட்டணத்துக்கு வந்து சேருங்கள். கெமாஸிலிருந்து தும்பாட் வரை ஓடும் கிழக்குக் கரை ரயில் பாதையில் இதற்கு ஒரு நிலையம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் இந்தப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சயாம்-பர்மா ரயில் பாதையில் போட்டார்கள். அந்த மரண ரயிலில் மாண்ட நம்மவர்கள் எத்தனை ஆயிரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரயிலில் வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஜெராண்டுட்டிலிருந்து கோல தஹான் கிராமம் வரை தார்ச்சாலை உண்டு. வேனிலோ காரிலோ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். வசதியிருந்தால் கோல தெம்பெலிங் துறையிலிருந்து முன்கூட்டிப் படகுக்கு ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். ஒடுக்கமான நீண்ட படகு. தெம்பெலிங் ஆற்றில் எதிர்நீச்சலாக 60 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று மணி நேரம். முதலில் கரையில் வீடுகள் தெரியும், எருமைகள் தெரியும், ரப்பர் மரங்கூடத் தெரியும். பிறகு அவை ஒவ்வொன்றாகக் குறைந்து, இரு கரையும் பச்சைச் சுவராக எழும்பி நிற்கும்.

கிராமம் ஆற்றின் இக்கரையில், பூங்கா அக்கரையில். நடுவில் தோணி. கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடும். தங்குவதற்கு இரண்டு வழி. அக்கரையில், காட்டுக்குள்ளேயே, மர நிழலில் பலகை வீடுகளாகக் கட்டிய விடுதி இருக்கிறது. வாசலில் காட்டுப்பன்றி மேயும். குரங்கு வந்து கதவைத் தட்டாமலே உள்ளே நுழையும். வாடகை சற்றுக் கூடுதல். இக்கரையில் சிறு விடுதிகள் பல உண்டு, ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் கட்டில்களோடு. நாலு குடும்பம் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு போனால் செலவு கையைக் கடிக்காது. சாப்பாட்டுக் கடைகள் ஆற்றிலேயே மிதக்கின்றன. மரக்கறி சாப்பிடுகிறவர்கள் பிளாச்சான் வேண்டாம், நெத்திலி வேண்டாம் என்று மலாயில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளைக்குப் புளிச்சாதம் கட்டிக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

அக்கரையில் முதல் வேலை, வனவிலங்கு இலாகா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எடுப்பது. கேமராவுக்குத் தனிச் சீட்டு. பிறகு நடக்கலாம்.

நடக்கத் தொடங்கியதும் தோட்டத்து ஆளுக்கு முதலில் கண்ணை உறுத்துவது ஒழுங்கின்மைதான். நிரை இல்லை. இரண்டு மரம் ஒரே சாதியாகச் சேர்ந்து நிற்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். களை எது, மரம் எது என்று பிரிக்க முடியாது. கைக்கத்தி பழகிய கை துறுதுறுக்கும்! கொஞ்சம் பொறுத்து மேலே பாருங்கள். துவாலாங் என்றொரு மரம், 80 மீட்டர் வரை வளரக்கூடியது. நம் பால்மரத்தை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வைத்தாலும் எட்டுமோ என்னவோ. வழவழப்பான அதன் உச்சிக் கிளைகளில் மலைத்தேனீ கூடு கட்டித் தொங்கவிடும்.

அதற்கு யார் உரம் போட்டார்கள்? உரமூட்டை சுமந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானே வரும். விந்தை என்னவென்றால், அந்த மண் அப்படியொன்றும் வளமான மண் அல்ல. சத்தெல்லாம் மண்ணில் இல்லை, உயிரோடு நிற்கும் மரஞ்செடிகளில் இருக்கிறது. இலை விழுந்ததும் பூஞ்சணமும் கரையானும் சேர்ந்து சில மாதங்களில் அதை அரித்துச் சத்தைப் பிரிக்க, மேலாகப் படர்ந்திருக்கும் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. வேர் ஆழமாகப் போகாததால்தான் மரத்தின் அடியில் பலகை பலகையாக வேர் விரிந்து முட்டுக்கொடுக்கிறது. மரத்தை வெட்டி எரித்துவிட்டால் நாலு மழையில் சத்துக் கரைந்து ஆற்றோடு போகும். பிறகு மூட்டை மூட்டையாக உரம் கொட்ட வேண்டியதுதான். எதற்காக நம் முதுகில் அத்தனை மூட்டை ஏறியது என்று எனக்கு அங்கேதான் விளங்கிற்று.

பால்மரத்தையும் குறை சொல்வதற்கில்லை. அதுவும் பிறப்பால் காட்டு மரம். பிரேசில் நாட்டு அமேசான் காட்டில் மற்ற மரங்களோடு கலந்து, ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக நின்றது. 1876-ல் விதை இங்கிலாந்துக்குப் போய், 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிறகு நடந்தது நம் கதை. காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டவர்களில் நம் பாட்டன்மாரும் இருந்தார்கள். மலேரியாவில் மடிந்தார்கள். அவர்கள் கேட்டு நடந்ததல்ல அது.

அந்தக் காலத்திலேயே ஒரு துரைக்கு மனம் மாறியது. தியோடர் ஹப்பேக் என்பது அவர் பெயர். தோட்டத் துரையாக இருந்தவர். யானையும் காட்டெருமையும் சுட்டுப் பேர் வாங்கிய வேட்டைக்காரர். வேட்டையை விட்டுவிட்டு, விலங்குகளுக்கென்று ஓர் இடத்தைக் காக்க வேண்டும் என்று அரசாங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார். 1925-ல் தஹான் மலையைச் சுற்றி வனவிலங்குக் காப்பிடம் வந்தது. 1938, 1939-ம் ஆண்டுகளில் மூன்று சுல்தான்களும் இசைந்து நிலம் ஒதுக்க, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் அது பூங்காவாயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகே தாமான் நெகாரா என்ற பெயர் வந்தது.

மரங்களின் உச்சியோரமாகச் சுமார் 40 மீட்டர் உயரத்தில் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். பழுது பார்க்க அவ்வப்போது மூடுவதுண்டு, கேட்டுக்கொண்டு போங்கள். ஆனால் அதைவிட நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது பும்பூன் பற்றி. மண்ணில் உப்புச்சத்து ஊறும் இடத்தைப் பார்த்தபடி, உயரத்தில் கட்டிய மறைவுக் குடில் அது. உப்பு நக்க விலங்குகள் இரவில் வரும். பேச்சு கூடாது, புகை கூடாது, நறுமணத் தைலம் கூடாது. விடுதிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. இராத் தங்குவதற்குக் காட்டின் உள்ளே வேறு உள்ளன.

நாங்கள் உட்கார்ந்திருந்த இரவில் மூன்று மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. சில்வண்டும் தவளையும் மட்டும். பக்கத்திலிருந்த சிறுவன் தூங்கிப்போனான். பிறகு இருட்டில் ஒரு வெள்ளைத் துண்டு தானாக நகர்வது போலிருந்தது. தாப்பிர்! மலாயில் தெனுக் என்பார்கள். முன்னுடல் கறுப்பு, இடுப்பு வெள்ளை, கால்கள் கறுப்பு. கறுப்பு இருளோடு போய்விட, வெள்ளை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சேற்றை நக்கும் சப்தம் கூடக் கேட்டது. பையனை எழுப்பினோம். அவன் மூச்சுவிடாமல் பார்த்தான்.

புலியைப் பார்ப்போம் என்று எண்ணிப் போகாதீர்கள். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில், நாட்டின் காடுகளில் 150-க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிந்தது. சுமத்ரா காண்டாமிருகத்தின் கதை அதைவிடச் சோகம். மலேசியாவில் இருந்த கடைசி ஒன்றும் 2019 நவம்பரில் சபாவில் இறந்துவிட்டது.

அந்தக் காட்டில் பாத்தேக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஊதுகுழல் அம்பும், பிரம்பும், காட்டுக் கிழங்கும் அவர்கள் வாழ்க்கை. வழிகாட்டிகள் அவர்கள் குடியிருப்புக்கு அழைத்துப் போவார்கள். போனால், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் லயத்து வாசலில் யாரோ வந்து, துணி உலர்த்துவதையும் பிள்ளை குளிப்பதையும் படம் பிடித்துக்கொண்டு போனால் நமக்கு எப்படியிருக்கும்? நமக்கு அது நடந்துமிருக்கிறது.

போகும் காலம் முக்கியம். நவம்பர் முதல் ஜனவரி வரை அடைமழை. அப்போது போக வேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கோல தஹான் மூழ்கி, சுற்றுலா வந்தவர்கள் சிக்கித் தவித்து மீட்கப்பட்டார்கள். பிப்ரவரி கழிந்த பிறகு போங்கள். கைவிளக்கு, மாற்றுத் துணி, நீளக் காலுறை, வீட்டில் யாராவது மருந்து சாப்பிட்டால் அந்த மருந்து, இவற்றை மறக்க வேண்டாம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

பாட்டி வர மறுப்பார். வற்புறுத்தி அழைத்துப் போங்கள். விடுதிக்குப் பக்கத்தில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். வயதானவர்கள் மெதுவாக நடக்கலாம். அட்டை கடிக்குமே என்பார். கடிக்கும்தான், ஆனால் அட்டைக்கு மருந்து அவர் இடுப்பிலேயே இருக்கிறது. வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.