மழைக்காலத்தில் ஒரு தீவுப் பயணம்

விடுமுறை என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் என்றிருந்த காலம் போய், நம் குடும்பங்கள் இப்போது அந்தமான் தீவுகளையும் நாடுகின்றன. மகிழத்தக்கதே. ஆனால், அவர்களுள் பலர் மழைக்காலத்தில் செல்கின்றனர். அலுவலக விடுப்பும் பிள்ளைகளின் விடுமுறையும் குறைந்த அறை வாடகையும் ஒன்றுகூடும் காலம் அதுவாக அமைந்துவிடுகிறது.

அந்த மழையை நம் ஊர் மழையென எண்ணலாகாது. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறதென்றால், போர்ட் பிளேயரில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. (2024-இல் இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது, பழைய பெயர்தான் இன்னும் என் நாவில் வருகிறது.) தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுமுன்பே, மே மாதம் 20-ஆம் நாளையொட்டி அங்கே வந்துவிடும். அதன்பின் வடகிழக்குப் பருவம். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் வானத்தை ஓரளவு நம்பலாம்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி, தன் குடும்பத்தாரையும் எங்கள் தாயாரையும் ஆகஸ்டு மாதத்தில் அங்கு அழைத்துச் செல்ல எண்ணினான், என்னையும் வரச்சொன்னான். அம்மாவுக்கு அப்போது வயது 78. கடலோரத்தில் பிறந்தும் ஒரு தீவைக்கூடக் கண்டதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. ஜனவரிக்குத் தள்ளிவைக்கலாம் என்றால், அவருடைய இதயத்தைப் பற்றி மருத்துவர் கூறியவை அதற்கு இடந்தரவில்லை.

தம்பி எழுதிவந்த திட்டத்தில் 6 நாட்களுக்குள் 5 தீவுகள் இருந்தன. கடைசி நாள் காலையில் ஹேவ்லாக்கிலிருந்து கப்பல். அன்றே சென்னைக்கு விமானம். "அண்ணா, ஒரு நாள்கூட வீணாகவில்லை, பாருங்கள்" என்றான். எனக்கு அச்சமூட்டியதே அதுதான். 2018 முதல் ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கிற்குப் போர்ட் பிளேயரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரக் கடற்பயணம், சாலை கிடையாது. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவர். விமானமோ நமக்காகக் காத்திராது.

ஆகவே, மூன்று தீவுகளை அடித்துவிட்டுத் திட்டத்தைத் தலைகீழாக்கினோம். இறங்கிய மறுநாளே ஹேவ்லாக். கடைசி இரண்டு நாட்கள் போர்ட் பிளேயரில். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையையும் அருங்காட்சியகங்களையும் குடைபிடித்துக்கொண்டே பார்த்துவிடலாமன்றோ! அறை எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரை மேற்கு நோக்கியது. தென்மேற்குக் காற்று நேரே அதில்தான் மோதும். கீழ்க்கரையில் அலை சற்று அடங்கியிருக்கும். அங்கே தங்கினோம்.

ராதாநகரில் செங்கொடி பறந்தது. தம்பியின் மகன் நன்றாக நீந்துவான். "முழங்கால் அளவுதானே, பெரியப்பா" என்று வாதாடினான். காலடி மணலையே அரித்து இழுக்கும் நீரில் முழங்கால் அளவு என்ன, கணுக்கால் அளவு என்ன? ஒரு மாலை முழுதும் அவன் என்னோடு பேசவில்லை. பேசாதிருந்தது பெரிதன்று.

மூன்றாம் நாள் கப்பல்கள் நின்றன. அன்றும் மறுநாளும் கடல் அடங்கவில்லை. படகுத்துறையில் ஒரு குடும்பம் பெட்டிகளின் மேல் அமர்ந்திருந்தது. அன்றைய விமானத்துக்குப் பயணச்சீட்டு வைத்திருந்தவர்கள். அந்தத் தாயின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. சேமிப்பெல்லாம் அதில் போட்டிருந்தார்களாம். எங்களுக்குச் சிறைச்சாலையும் அருங்காட்சியகமும் தவறின; விமானம் தவறவில்லை.

அந்த இரண்டு நாட்களும் அம்மா திண்ணையைவிட்டு அசையவில்லை. மழை ஓய்ந்த வேளையில் பிள்ளைகள் ஈரமணலில் குழிகள் தோண்டி, சிறு சிப்பிகளைப் பொறுக்கிவந்து கொடுக்க, அவர் பல்லாங்குழி கற்றுக்கொடுத்தார். கோபித்திருந்த பேரனே ஆட்டத்தில் முதலில் வென்றான். அங்கிருந்து சிப்பியோ பவளமோ எடுத்துவரக்கூடாது என்பதால், புறப்படுமுன் அவற்றை எண்ணி எண்ணிக் கடலோரத்திலேயே போட்டுவிட்டு வந்தார்கள்.