குரங்காட்டியிடமும் கேள்

மீஞ்சூர்,
12 ஜனவரி 2025

அன்புள்ள பாப்பா,

போனில் நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. வல்லூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிச் சத்தம் உனக்குத் தெரியாததா. எழுதி அனுப்பினால் டிராயரில் போட்டு வைத்து வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாய் என்று எழுதுகிறேன்.

குரங்காட்டியிடமிருந்து பிடித்த இரண்டு நாட்டுக்குரங்குகளை வனத்துறை ஆட்கள் உன் ஆஸ்பத்திரிப் பின்கட்டில் விட்டுப் போயிருக்கிறார்கள். கோர்ட் உத்தரவு வரும்வரை உன் பொறுப்பு. பெண் குரங்கு வாயே திறப்பதில்லை, ஆண் குரங்கு எதைக் கண்டாலும் அள்ளிக் கன்னத்தில் அடைத்துக்கொள்கிறது. என்ன தீனி போடுவது என்று கேட்டாய். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் குரங்காட்டியைப் போய்ப் பார்.

ஆள் மேல் வழக்கு இருக்கிறதே என்று தயங்காதே. வனச்சரகரிடம் சொல்லி, அவர் கூட இருக்கும்போதே பேசு. மாட்டைக் கொண்டு வருகிறவன் அது என்றைக்குக் கன்று போட்டது, என்றைக்குத் தீனி குறைந்தது என்று எல்லாம் சொல்லிவிடுவான். பறிமுதல் செய்த மிருகத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது, பேப்பர்தான் உண்டு. அந்த இரண்டு குரங்குகளின் கதை முழுக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். எத்தனை வயதில் பிடித்தது, தாயோடு பிடித்ததா, கோரைப்பல்லை எப்போது எடுத்தார், எதைக் கொண்டு எடுத்தார், வாயில் ரத்தம் வந்ததா, குட்டி போட்டதுண்டா, வயிற்றுப்போக்குக்கு என்ன மாத்திரை கொடுத்தார், என்ன பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கும், எல்லாம் கேள். கடைசியாக, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கேள். இந்தக் கேள்விக்குத்தான் நீ போவதே. மற்றதெல்லாம் அவரைப் பேச வைக்க.

எண்பதுகளில் நான் இங்கே மாட்டாஸ்பத்திரியில் இருந்தபோது குரங்காட்டிகள் கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டம், ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் ஓர் ஆட்டம், அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே கூலி வாங்கும் நாள் பார்த்து ஓர் ஆட்டம். மாமியார் வீட்டுக்கு எப்படிப் போவாய், போலீஸ்காரன் எப்படி நடப்பான் என்று கேட்டதும் குரங்கு குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு காலில் நடக்கும். கூட்டம் சிரிக்கும். அந்த நடைக்காகக் குட்டியிலேயே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிப் பழக்கியிருப்பார்கள். சிரித்தவர்கள் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒருத்தர் பன்னைத் தேநீரில் நனைத்துக் கொடுப்பார், ஒருத்தர் பரோட்டா, ஒருத்தர் பீடி.

பகலில் ஆடிய குரங்கைச் சாயங்காலம் என்னிடம் கொண்டு வருவார்கள். கழுத்துப் புண், பேதி, கண்ணில் சீழ். அரசாங்க ரெஜிஸ்டரில் ஆடு, மாடு, கோழிக்குத்தான் கட்டம் போட்டிருந்தது. 'இதர' என்று எழுதி மருந்து கொடுப்பேன். 1998 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கவோ காட்டவோ கூடாது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் தள்ளியது, 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தள்ளியது. நல்ல சட்டம், எனக்கு அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு குரங்காட்டிகூட என் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. ஆட்டம் நின்றுவிட்டதாலா என்றால் இல்லை, பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்ற பயம். மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கிப் பழத்தில் வைத்து அவர்களே கொடுத்துக்கொண்டார்கள். உன் ஆள் என்ன மாத்திரை கொடுத்தார் என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

இனி தீனி. ஊரே உன் கேட்டில் வந்து நிற்கும் என்பது எனக்கு இங்கேயிருந்தே தெரிகிறது. அனுமன் ஜெயந்தி வடை போன மாதத்தோடு போயிற்று, இப்போது பொங்கல் வருகிறது. கரும்பு, சர்க்கரைப் பொங்கல், சீப்பு சீப்பாக வாழைப்பழம். புண்ணியம் தேடி வருகிறவர்களைத் திட்டாதே, வாங்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆட்களுக்குக் கொடுத்துவிடு. குரங்குக்கு வேண்டாம்.

குரங்கு என்றால் வாழைப்பழம் என்று நாம் நினைத்து வைத்திருப்பதிலேயே கோளாறு இருக்கிறது. தோட்டத்தில் வளர்க்கும் பழம் மனிதன் நாக்குக்காகத் தேர்ந்தெடுத்தது. காட்டு அத்தியும் ஆலம்பழமும் நாரும் விதையுமாக இருக்கும். இங்கிலாந்தில் பெயின்ட்டன் என்ற ஊர் மிருகக்காட்சிச்சாலையில் 2014-இல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்திக் காய்கறிக்கு மாற்றினார்கள். சொத்தைப் பல்லும் நீரிழிவும்தான் காரணம். இன்னொரு கணக்கும் பார். நூறு கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. உடம்புக்கு வேண்டியதோ கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையாமல் இருப்பது. பழமும் வேர்க்கடலையும் பன்னுமாகவே வளர்ந்து, வெயிலும் படாமல் கிடந்த குரங்குக்கு எலும்பு சுண்ணாம்பை இழந்து ரப்பராக வளையும். உன் பெண் குரங்கு தூக்கினால் கத்துகிறது என்றாயே, அது கோபமா வலியா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

காலையில் முளைகட்டிய பயறு அல்லது கொண்டைக்கடலை, நனைத்த கேழ்வரகு, முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. தண்டுக்கீரையும் பசலையும் தினம் போடாதே, அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். மதியம் வெள்ளரி, பீன்ஸ், கேரட், புடலை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவித்த முட்டை. பழம் வேண்டுமென்றால் கொய்யா, நாவல், கொஞ்சம் பப்பாளி. நம்மைப் போலவே குரங்குக்கும் வைட்டமின் சி-யை உடம்பில் தயாரிக்கத் தெரியாது. ஆடு, மாடு, நாய் மூன்றும் தாமே செய்துகொள்ளும், அதனால் காலேஜில் மாடு மாடு என்று படித்து வந்த நமக்கு இது சட்டென்று மறந்துபோகும். ஈறு வீங்கிக் கசிந்தால், நகர மறுத்தால், முதலில் இதை நினை. ஒரு நெல்லிக்காய் போதும். பல் இல்லாததற்குத் துருவிக் கொடு, துருவியதை உடனே கொடு.

இவ்வளவையும் ஒரு தட்டில் கொட்டி வைத்தாயானால் பாதிப் பலன் போயிற்று. காட்டில் குரங்குக்குப் பகலில் பெரும்பொழுது தீனி தேடுவதிலேயே போய்விடும். கயிற்றில் கட்டிய குரங்கு அந்த வேலையில்லாமல் உட்கார்ந்து தன் மயிரையே பிய்த்துக்கொள்ளும், கையைக் கடித்துக்கொள்ளும். வைக்கோலில் பயறை இறைத்துவிடு. கொட்டாங்கச்சிக்குள் அடைத்துத் தொங்கவிடு. புளியங்கொம்பு, ஆலங்கொம்பு வெட்டி உள்ளே போடு, இலையைத் தின்னும், பட்டையை உரிக்கும், மிச்ச நேரம் ஏறி உட்காரும். பெண் குரங்கு உன் முன்னால் சாப்பிடாதது பயத்தினாலும் இருக்கலாம். நடுவில் ஒரு சாக்குத் திரை கட்டு, இல்லாவிட்டால் ஆண் குரங்கு அதன் பங்கையும் கன்னப்பையில் போட்டுக்கொண்டு போய்விடும்.

அடுத்தது கழுத்துக் கயிறு. குட்டியில் கட்டிய கயிறு உடம்பு வளர வளரச் சதைக்குள் இறங்கி, மேலே தோல் மூடியிருக்கும். முழித்திருக்கும் குரங்கிடம் கத்தரியை நீட்டிவிடாதே. முதலில் எடை போடு. கெட்டமைன் கிலோவுக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், மெலிந்த உடம்புக்கு இன்னும் குறைவாகத் தொடங்கு. ஒரே மயக்கத்தில் எல்லா வேலையையும் முடித்துவிடு: கயிறு, பல், நகம், ரத்தம், எக்ஸ்ரே.

புண்ணைக் கழுவியதோடு விடாதே, டெட்டனஸ் ஊசி போடு. குரங்குக்கு ரணஜன்னி வருமா என்று காலேஜில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 1938-இல் இந்தியாவிலிருந்து நானூற்றுச் சொச்சம் செம்முகக் குரங்குகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், போர்ட்டோ ரீக்கோ பக்கம் கயோ சாந்தியாகோ என்ற குட்டித் தீவில் விட்டார்கள் அமெரிக்கர்கள், ஆராய்ச்சிக்காக. சுதந்திரமாகத் திரிந்த அந்தக் கூட்டத்தில் ஒன்றையொன்று கடித்த புண் வழியாக டெட்டனஸ் புகுந்து வருஷா வருஷம் கொன்றுகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் மொத்தக் கூட்டத்துக்கும் தடுப்பூசி போட்ட பிறகுதான் அந்தச் சாவு நின்றது. சாணமும் குதிரை லத்தியும் கிடந்த நம் தெருவில், கழுத்தில் ஆறாத புண்ணோடு உட்கார்ந்திருந்த குரங்கை நினைத்துப் பார்.

இருமல் விஷயம் இப்போது. காசநோய் குரங்குக்குப் பெரும்பாலும் நம்மிடமிருந்துதான் போகிறது. ஒரே குடிசையில் தூங்கி, ஒரே தட்டில் தின்ற குரங்கு அது. வந்துவிட்டால் வேகமாகப் பரவும், கடைசிவரை இருமாமலேகூட இருக்கும். மேல் இமையில் பாயின்ட் ஒன்று மில்லி ட்யூபர்குலின் போட்டு, 24, 48, 72 மணி நேரத்தில் இமை வீங்குகிறதா பார். மாட்டுக்குப் போடும் பிபிடி குரங்குக்கு வலு போதாது, பழைய ட்யூபர்குலின்தான் சரி. மெலிந்த மிருகத்தில் சோதனை பொய் சொல்லும், ஆகவே இரண்டு வாரம் தேற்றிவிட்டு மறுபடி செய். குரங்காட்டி வீட்டில் இருமல் இருக்கிறது என்று தெரிந்தால் அவர்களையும் ஜி.எச். அனுப்பிச் சளி பார்க்கச் சொல். குரங்கைப் பறித்தவர்களிடமிருந்து அந்த மனுஷனுக்குக் கிடைக்கிற முதல் உபகாரமாக அது இருக்கட்டும்.

வடக்கே கரடியாட்டிப் பிழைத்த கலந்தர் ஜனங்களிடமிருந்து கரடிகளை மீட்டபோது கூடவே வேறு பிழைப்புக்குப் பணம், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கொடுத்தார்கள். 2009-இல் கடைசி ஆட்டக் கரடியும் வந்துவிட்டது என்றார்கள். ஜகார்த்தாவில் 2013-இல் தெருக் குரங்கு வித்தையை ஒழித்தபோது கவர்னர் காசு கொடுத்தே குரங்குகளை வாங்கி ரகுனான் மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பினார், ஆட்டுவித்தவர்களுக்கு வேறு தொழில் பழக ஏற்பாடும் செய்தார். இங்கே நம் குரங்காட்டிக்கு வழக்கு மட்டும். அவர் அடுத்த குட்டியைத் தேடிப் போகாமல் என்ன செய்வார்?

கடைசியாக உன்னைப் பற்றி. நீ குரங்குக்குப் பேர் வைத்துவிட்டாய் என்று போனில் உன் குரலிலேயே தெரிந்தது. 2023 டிசம்பரில் சோளிங்கர் பக்கம் நாய்கள் கடித்துக் குதறிய குட்டிக் குரங்கைக் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் எடுத்துப் பத்து மாதம் பார்த்தார். இடுப்புக்குக் கீழே அசையாமல் கிடந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை அதை வண்டலூர் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டு போயிற்று. அவர் உயர் நீதிமன்றம் போனார். போய்ப் பார்க்க அனுமதித்த நீதிமன்றம், நவம்பரில் இடைக்காலமாகக்கூடத் திருப்பித் தர மறுத்தது. படித்தபோது அந்த டாக்டருக்காக வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குரங்கு கூட்டத்தோடு இருக்க வேண்டிய மிருகம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மனிதர் ஒருவர் கூட்டமாக முடியாது. உன் இரண்டையும் ஒன்றாகவே அனுப்பச் சொல்லி உத்தரவில் எழுத வை. கோரைப்பல் இல்லாததைக் காட்டில் விட்டுவிடலாம் என்று யாராவது சுலப வழி சொன்னால் கையெழுத்துப் போடாதே. எடை, தீனி, மருந்து மூன்றையும் தினம் நோட்டில் எழுது. வண்டலூர் டாக்டருக்கு உன் பாசத்தைவிட அந்த நோட்டுத்தான் உதவும்.

பெரியம்மா முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்கு நீ வரமாட்டாய் என்று சொல்லிவிட்டேன், முறுக்கு பார்சல் வருகிறது. அது உனக்கு.

உன்
பெரியப்பா

பி.கு.: கூண்டுக்குள் போகும்போது கம்மலைக் கழற்றிவிடு, மாஸ்க், கையுறை போடு. கண்ணுக்கு நேராகப் பார்க்காதே, பல் தெரியச் சிரிக்காதே, அது வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஜி.எச். போ, ரேபிஸ் ஊசியைப் பற்றி மட்டும் பேசாதே, குரங்குக் கடி என்று சொல், ஹெர்பிஸ் பி வைரஸ் பற்றியும் கேள். சின்னக் கீறல்தானே என்று எனக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு நிற்காதே.