சங்கிலி மாற்றிய ஞாயிறு

வடாலாவில் எங்கள் கட்டட முற்றத்தில் பழைய பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. குர்லாவில் உருவான அவ்வினத்து டாக்சியை ஓட்டியே என் தந்தையார் எங்களை ஆளாக்கினார். 2023 அக்டோபரில் கடைசிப் பத்மினி டாக்சியும் மும்பைத் தெருக்களினின்று விடைபெற்றது. சொந்த வண்டியாதலின், எங்களுடையது எங்களோடு தங்கிற்று.

சென்ற மாதம் அதன் எஞ்சின் முகப்பில் கலகலவென்று ஓசை எழுந்தது.

"டைமிங் செயின் தளர்ந்துவிட்டது, நீயே மாற்றப்பா" என்றார் தந்தையார். கை நடுங்கும் வயது. அவர் முக்காலியில் அமர்ந்து சொல்ல, நான் செய்தேன். பாட்டரி இணைப்பைக் கழற்றி, நீரை வடித்து, ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், கப்பி ஆகியவற்றை அகற்றியபின் முன்மூடி திறந்தது.

உள்ளே இரு பற்சக்கரங்கள். கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால் கேம் தண்டு ஒருமுறை சுழலும். அக்கணக்கின்படியே வால்வுகள் திறந்து மூடும். ஒரு பல் பிசகினும் எஞ்சின் வலுவிழக்கும். சக்கரங்களிலுள்ள குறிகளை நேர்நிறுத்திப் புதுச்சங்கிலியைப் பூட்டி, மூடியைக் கையிலெடுத்தேன்.

"பொறு! கையால் இருசுற்றுச் சுற்றிப் பார்."

சுற்றினேன். குறிகள் ஒரு பல் விலகி நின்றன! பூட்டும்போதே சக்கரம் அசைந்திருக்கிறது. நாணத்துடன் மீண்டும் கழற்றிச் சரிசெய்தேன்.

மாலையில் எஞ்சின் ஓசையடங்கி ஓடிற்று. தந்தையார் வண்டியின்மேல் கைவைத்தவாறு நெடுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

அன்பர்களே, வீட்டில் இவ்வேலையை மேற்கொள்வீராயின், மூடுமுன் இருசுற்றுச் சுற்றிப் பாருங்கள். சொல்லித்தரப் பெரியவர் இருப்பின், அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.